காய்ச்சல் வந்த நாளைக் குறித்து வையுங்கள்

பிறந்து சில நாள்களே ஆன குழந்தையின் இதயத்தில் ஓட்டை இருப்பதாக எக்கோ பரிசோதனையில் தெரியவரும்போது, பெற்றோர் எங்களிடம் கேட்கும் கேள்விகளில் ஒன்று இது: "கர்ப்பமாக இருந்தபோது கடுமையான காய்ச்சல் வந்தது. கொசுவால் வந்த காய்ச்சல் என்றார்கள். அதனால்தான் இப்படி ஆகிவிட்டதா?" கேட்பவர் பெரும்பாலும் தாயாகவே இருப்பார். தன்னால்தான் குழந்தைக்கு இந்த நிலை வந்ததோ என்ற அச்சம் அந்தக் கேள்விக்குள் இருப்பதை நாங்கள் அறிவோம்.

விடை சொல்வதற்காக நாங்கள் தாய் சேய் நல அட்டையைப் புரட்டுகிறோம். எடை, இரத்த அழுத்தம், இரத்தத்தின் ஹீமோகுளோபின் அளவு, தடுப்பூசி போட்ட தேதி, ஸ்கேன் எடுத்த தேதி ஆகிய அனைத்தும் அதில் இருக்கின்றன. காய்ச்சலைப் பற்றி மட்டும் பெரும்பாலும் ஒரு வரியும் இருப்பதில்லை. எந்த வாரத்தில் வந்தது, எத்தனை நாள் நீடித்தது, எந்தச் சோதனை செய்யப்பட்டது, என்ன மருந்து தரப்பட்டது என்று கேட்டால், "மாரியம்மன் பண்டிகை சமயம் இருக்கும்", "மழை பெய்துகொண்டிருந்தது" என்ற அளவில்தான் நினைவு நிற்கிறது. அவ்வளவு தெளிவற்ற செய்தியை வைத்துக்கொண்டு எந்த மருத்துவராலும் நேர்மையான விடை கூற இயலாது. அட்டையில் விடுபட்டுப்போகும் அந்த ஒரு வரியின் இன்றியமையாமையைப் பற்றியே இக்கட்டுரையில் எழுதுகிறோம்.

நம் பகுதிக்குப் புதியதல்ல

கருவைப் பாதிக்கும் கொசுக் காய்ச்சல் எங்கோ தொலைவில் உள்ள நாடுகளின் சிக்கல் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். 2017ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், தமிழ்நாட்டின் முதல் ஜிகா வைரஸ் தொற்று நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில்தான், அஞ்செட்டியை அடுத்த நாட்றாம்பாளையம் பகுதியில் கண்டறியப்பட்டது. அதற்கு முன்பு இந்தியாவில் உறுதி செய்யப்பட்டிருந்த மூவரும் குஜராத்தின் அகமதாபாத் நகரைச் சேர்ந்தவர்கள். நாட்டின் நான்காவது தொற்று, பெருநகரம் ஒன்றில் தென்படாமல், கர்நாடக எல்லையை ஒட்டிய நம் மலைக்கிராமத்தில் தென்பட்டது.

ஏழு ஆண்டுகள் கழித்து, 2024 ஆகஸ்டு மாதத்தில், பெங்களூருவின் தெற்கே ஆனேக்கல் வட்டத்திலுள்ள ஜிகணியில் ஐவருக்கு ஜிகா தொற்று உறுதியானது. ஜிகணி தொழிற்பேட்டைக்கு நம் ஊர்களிலிருந்து நாள்தோறும் வேலைக்குச் சென்று திரும்புவோர் உண்டு. அதே ஆண்டில் புனே நகரில் தொற்று பரவியபோது, பாதிக்கப்பட்டவர்களில் கர்ப்பிணிகள் பலர் இருந்தனர். அதையொட்டி 2024 ஜூலையில் மத்திய அரசு, கர்ப்பிணிகளுக்கு ஜிகா சோதனை செய்யுமாறும், தொற்று உறுதியானோரின் கருவளர்ச்சியைத் தொடர்ந்து கண்காணிக்குமாறும் அனைத்து மாநிலங்களையும் கேட்டுக்கொண்டது.

டெங்குவையும் சிக்குன்குனியாவையும் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 2006ஆம் ஆண்டு சிக்குன்குனியா கர்நாடகத்தையும் தமிழ்நாட்டையும் உலுக்கியதை வீட்டிலுள்ள மூத்தவர்கள் இன்றும் மறக்கவில்லை. இம்மூன்று நோய்களையும் பரப்புவது பகலில் கடிக்கும் ஏடிஸ் கொசு. ஆகவே ஒன்று பரவும் இடத்தில் மற்றவையும் பரவக்கூடும் என்று கொள்வதே விவேகம்.

ஆய்வுகள் உண்மையில் சொல்வது என்ன?

1947இல் உகாண்டாவின் ஜிகா காட்டில் ஒரு குரங்கின் இரத்தத்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட இந்த வைரஸ், பல பத்தாண்டுகள் வரை எளிய காய்ச்சலாகவே கருதப்பட்டது. 2015இல் பிரேசில் நாட்டின் வடகிழக்குப் பகுதியில் தலை சிறுத்த குழந்தைகள் வழக்கத்திற்கு மாறான எண்ணிக்கையில் பிறந்தபோதுதான் உலகம் விழித்துக்கொண்டது. உலகச் சுகாதார நிறுவனம் 2016 பிப்ரவரி முதல் நாள் அதனை உலக அளவிலான அவசரநிலையாக அறிவித்தது. கர்ப்ப காலத்தில் ஜிகா தொற்றிய தாய்மாருக்குப் பிறக்கும் குழந்தைகளில் 5 முதல் 15 விழுக்காட்டினருக்கு அத்தொற்றினால் ஏற்படும் குறைகள் காணப்படுகின்றன என்பது அந்நிறுவனத்தின் மதிப்பீடு. எஞ்சிய பெரும்பாலான குழந்தைகளுக்கு அத்தகைய குறைகள் காணப்படுவதில்லை என்பதையும் இதனுடன் சேர்த்தே படிக்க வேண்டும்.

மூளைக்கு ஏற்படும் பாதிப்பு இன்று ஐயத்திற்கு இடமின்றி நிறுவப்பட்டுள்ளது. இதயத்தைப் பற்றிய ஆய்வுகள் அந்த அளவுக்கு இன்னும் முதிரவில்லை. பிரேசிலின் ரெசிஃபே நகர மருத்துவர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில், பிறவி ஜிகா பாதிப்பு உள்ளதாகக் கருதப்பட்ட 103 குழந்தைகளுக்கு எக்கோ எடுத்தபோது 14 பேருக்கு இதயக் குறை இருந்தது. பெரும்பாலானவை இதயத்தின் இடைச்சுவரில் உள்ள சிறு ஓட்டைகள். ரியோ டி ஜெனிரோவில் 2018இல் வெளியான மற்றோர் ஆய்வில், கருவிலேயே ஜிகாவுக்கு ஆட்பட்ட 120 குழந்தைகளில் 48 பேரின் எக்கோவில் ஏதேனும் ஒரு குறை தென்பட்டது. அவர்களில் 13 பேரின் குறை பெரியது என வகைப்படுத்தப்பட்டது. ஆயினும் எதுவும் உடனடியாக உயிருக்கு இடர் விளைவிக்கும் தன்மையுடையதாக இல்லை.

பொதுவாக உயிருடன் பிறக்கும் 1000 குழந்தைகளில் ஏறக்குறைய 8 முதல் 10 குழந்தைகளுக்கு ஏதேனும் ஓர் இதயக் குறை இருக்கும். அதனுடன் ஒப்பிட்டால் மேற்கூறிய எண்கள் மிகுதியாகத் தோன்றும். ஆனால் இங்கே நிதானம் தேவை. ரெசிஃபே ஆய்வில் இடம்பெற்றோர் ஏற்கெனவே பாதிப்பு உள்ளதாகக் கருதப்பட்ட குழந்தைகள். அவர்களுக்குப் பொருந்தும் விழுக்காடு, கர்ப்பத்தில் ஜிகா வந்துபோன எல்லாத் தாய்மாரின் குழந்தைகளுக்கும் பொருந்தாது. மேலும், எந்தக் குறியும் இல்லாத குழந்தைகளுக்கும் எக்கோ எடுத்தால், தானே மூடிக்கொள்ளக்கூடிய சிறு ஓட்டைகள் சிலருக்குத் தென்படவே செய்யும். எனவே, ஜிகாவுக்கும் கருவின் இதயத்திற்கும் தொடர்பு இருக்கலாம் என்று ஐயுறக் காரணம் உண்டு. அத்தொடர்பு முழுமையாக நிறுவப்பட்டுவிட்டது என்று கூற இயலாது. இதுவே இன்றைய நேர்மையான நிலை. டெங்குவைப் பொறுத்தவரை, தாய்க்கு இரத்தப்போக்கு, குறைமாதப் பிறப்பு ஆகியவையே நாங்கள் பெரிதும் அஞ்சும் இடர்கள். சிக்குன்குனியா, பிரசவ நேரத்தில் தாயின் இரத்தத்தில் இருந்தால் குழந்தைக்குத் தொற்றி, மூளையையும் சில நேரங்களில் இதயத்தையும் தாக்கக்கூடும். ஆகவே பிரசவத்திற்கு முந்தைய சில நாள்களில் வரும் காய்ச்சலை எவரும் மறைக்கக் கூடாது.

வைரஸ் ஒருபுறம் இருக்க, உடற்சூடே கருவைப் பாதிக்குமா என்ற கேள்வியும் ஆராயப்படுகிறது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் கோழிக்கருக்களில் ஒரு சோதனை செய்தனர். இதயமும் முகமும் உருவாகக் காரணமான சில செல்களில் சூட்டை உணரும் வாயில்கள் உள்ளன. காய்ச்சலை ஒத்த சூட்டில் அவை தூண்டப்படும்போது இதயத்திலும் முகத்திலும் குறைகள் தோன்றுவதை அவர்கள் கண்டனர். கோழிக்கருவில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்த முடியாது. எனினும், கர்ப்பத்தின் தொடக்கத்தில் வரும் கடுங்காய்ச்சலை உரிய மருந்தால் விரைந்து தணிக்க வேண்டும் என்ற அறிவுரைக்கு இது வலுச்சேர்க்கிறது.

தேதி ஏன் அவ்வளவு முக்கியம்?

கருவின் இதயம் மிக விரைவில் உருவாகிவிடுகிறது. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து கணக்கிட்டால், 5ஆம் வாரத்தை ஒட்டி அது துடிக்கத் தொடங்குகிறது. ஏறக்குறைய 10ஆம் வாரத்திற்குள் நான்கு அறைகளும் அவற்றைப் பிரிக்கும் சுவர்களும் அமைந்துவிடுகின்றன. கர்ப்பத்தைப் பதிவு செய்ய ஒரு பெண் முதன்முறையாக மருத்துவமனைக்கு வரும்போது பெரும்பாலும் இந்தக் கட்டம் முடிந்திருக்கும், அல்லது முடியும் தறுவாயில் இருக்கும். ஆகவே இதயத்தைப் பொறுத்தவரை கவனத்திற்குரிய காய்ச்சல், அட்டை வாங்குவதற்கு முன்பே வந்துபோன காய்ச்சலாக இருக்கக்கூடும். "கர்ப்பம் என்று தெரிவதற்கு முன்னால் வந்த காய்ச்சலைச் சொல்லி என்ன பயன்?" என்று எவரும் எண்ண வேண்டாம். முதலில் சொல்ல வேண்டியதே அதுதான்.

தேதி தேவைப்படுவதற்கு இரண்டாவது காரணம் சோதனைகள். டெங்குவுக்கான என்.எஸ்.1 சோதனை காய்ச்சலின் முதல் சில நாள்களில் செய்தால்தான் பயன் தரும். அதற்குப் பின் எதிர்ப்பாற்றல் பொருளைத் தேடும் ஐ.ஜி.எம். சோதனையே பொருந்தும். ஜிகா வைரஸை இரத்தத்தில் ஏறக்குறைய ஒரு வாரம் வரையிலும், சிறுநீரில் அதைவிடச் சற்றுக் கூடுதலாக, இரண்டு வாரங்கள் வரையிலும் கண்டறியலாம். அந்தக் காலம் கடந்துவிட்டால் எதிர்ப்பாற்றல் சோதனைதான் எஞ்சும். டெங்கு வந்துபோன உடலில் அச்சோதனை ஜிகாவையும் டெங்குவையும் பிரித்தறியத் தடுமாறும். நம் பகுதியில் டெங்கு வராத தெரு எது? நாள் தவறினால் விடையும் தவறிவிடும்.

மூன்றாவது காரணம் கண்காணிப்பு. 18 முதல் 22 வாரங்களில் எடுக்கப்படும் உறுப்பு வளர்ச்சி ஸ்கேனில் கருவின் தலையும் இதயமும் ஆராயப்படுகின்றன. ஐயம் இருந்தால், கருவின் இதயத்தை மட்டும் நுணுகிப் பார்க்கும் கரு எக்கோ பரிசோதனையை 18 முதல் 24 வாரங்களுக்குள் செய்யலாம். காய்ச்சல் வந்த வாரம் தெரிந்திருந்தால் எதைத் தேட வேண்டும், எப்போது மீண்டும் பார்க்க வேண்டும் என்று மருத்துவர் முன்கூட்டியே திட்டமிட முடியும்.

ஒரு தாயின் நினைவு மருத்துவ அறிவியலையே திருப்பிய வரலாறும் உண்டு. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரக் கண் மருத்துவர் நார்மன் கிரெக், 1941இல், பிறவிக் கண்புரையுடன் வந்த 78 குழந்தைகளைப் பற்றி அறிக்கை அளித்தார். அவர்களில் பலருக்கு இதயக் குறையும் இருந்தது. அக்குழந்தைகளின் தாய்மார் கர்ப்பத்தின் தொடக்கத்தில் ரூபெல்லா எனும் அம்மைக்கு ஆளாகியிருந்ததை அவர் கண்டறிந்தார். எந்த மாதத்தில் அம்மை வந்தது என்பதைத் தாய்மார் நினைவுகூர்ந்ததால்தான் அந்தத் தொடர்பு வெளிப்பட்டது. ரூபெல்லாவுக்கு இன்று தடுப்பூசி உண்டு. ஜிகாவுக்கு அவ்வாறு பயன்பாட்டுக்கு வந்த தடுப்பூசி இல்லை. ஆகவே பதிவும் கண்காணிப்பும் கொசு ஒழிப்புமே இப்போதைக்கு நம் கையில் உள்ள கருவிகள்.

காய்ச்சலைவிட மாத்திரை தரும் இடர்

இதயத்தைப் பற்றிப் பேசும்போது, ஐயத்திற்கு இடமின்றி நிறுவப்பட்ட ஓர் இடரை அழுத்திச் சொல்வது எங்கள் கடமை. கொசுக் காய்ச்சலில் மூட்டுவலியும் உடல்வலியும் கடுமையாக இருக்கும். இரவுப் பணி முடித்துத் திரும்பும் வழியில் மருந்துக்கடையில் நின்று "உடம்புவலிக்கு ஏதாவது கொடுங்கள்" என்று கேட்பது தொழிற்பேட்டைப் பகுதியில் வழக்கமாகிவிட்டது. அவ்வாறு கிடைக்கும் மாத்திரைகளிலும் ஊசிகளிலும் டயக்ளோபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற வலிநீக்கிகள் இருக்கலாம்.

கருவிலிருக்கும் குழந்தை தன் நுரையீரலால் மூச்சுவிடுவதில்லை. ஆகவே நுரையீரலுக்குச் செல்லும் இரத்தத்தின் பெரும்பகுதியை உடலுக்குத் திருப்பிவிட, இதயத்தை ஒட்டி ஒரு சிறு இணைப்புக் குழாய் இயற்கையிலேயே அமைந்திருக்கிறது. பிறந்த பிறகு மூட வேண்டிய அக்குழாய், கர்ப்பத்தின் இறுதி மூன்று மாதங்களில் தாய் இத்தகைய வலிநீக்கிகளை உட்கொண்டால் கருவிலேயே சுருங்கி மூடக்கூடும். அப்போது இதயத்தின் வலப்பக்கம் தாங்க இயலாத சுமைக்கு ஆளாகிறது. 20 வாரங்களுக்குப் பிறகு இம்மருந்துகள் கருவின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020இல் எச்சரித்தது. காய்ச்சல் டெங்குவாக இருந்தால், இதே மருந்துகள் தாயின் இரத்தப்போக்கையும் மிகுவிக்கும்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் ஒன்றே போதுமானது. அதையும் மருத்துவர் சொல்லும் அளவில் உட்கொள்ளுங்கள். இரத்த அழுத்த இடர் காரணமாக உங்கள் மகப்பேறு மருத்துவர் சிறிய அளவு ஆஸ்பிரின் எழுதிக் கொடுத்திருந்தால், அதை நீங்களாக நிறுத்த வேண்டாம். காய்ச்சல் வந்த அன்றே அவரிடம் தெரிவித்து, தொடரலாமா என்று கேளுங்கள். வாங்கிய மாத்திரையின் அட்டையைத் தூக்கி எறியாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

எல்லைக்கோட்டில் தொலைந்துபோகும் பதிவு

எங்கள் முதன்மையான கருத்து இனிமேல்தான் வருகிறது. மற்ற மாவட்டங்களில் இல்லாத ஒரு சிக்கல் ஓசூரில் இருக்கிறது. இங்குள்ள குடும்பம் ஒன்றின் ஒரு நாள் வாழ்க்கை இரண்டு மாநிலங்களில் நடக்கிறது. கணவருக்குப் பொம்மசந்திராவில் வேலை. மனைவிக்கு ஓசூர் சிப்காட்டில் வேலை. வாடகை வீடு அத்திப்பள்ளியில். தாய்வீடு சூளகிரியிலோ காவேரிப்பட்டணத்திலோ. கர்ப்பத்தின் முதல் மாதங்களில் கர்நாடகத்தில் காட்டி, அங்குத் தரப்படும் தாய் அட்டையைப் பெறுகிறார்கள். வளைகாப்பு முடிந்து தாய்வீடு வந்ததும் இங்கே பிக்மி எண் பெற்றுப் புதிய அட்டை தொடங்குகிறார்கள். ஒடிசா, பீகார், அசாம் மாநிலங்களிலிருந்து வந்து பணிபுரியும் குடும்பங்களுக்கோ மூன்றாவது ஊர் ஒன்றும் உண்டு.

இந்த இடமாற்றத்தில் முதலில் தொலைவது காய்ச்சலின் வரலாறு. பழைய அட்டை கன்னடத்தில் இருக்கிறது, இங்குள்ளவர்களுக்குப் படிக்க வராது என்று கருதி வீட்டிலேயே விட்டுவருவோர் பலர். அருள்கூர்ந்து அவ்வாறு செய்யாதீர்கள். ஓசூர் மருத்துவமனைகளில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதும் படிப்போர் உண்டு. எவரும் இல்லாவிட்டாலும் தேதியும் சோதனை எண்களும் எம்மொழியினருக்கும் புரியும்.

பொறுப்பு முழுவதையும் தாயின் தலையில் சுமத்துவது எங்கள் நோக்கமன்று. எங்களைப் போன்ற மருத்துவமனைகள் முதலில் தம்மைத் திருத்திக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு கர்ப்ப காலப் பரிசோதனையிலும், "சென்ற முறை வந்ததற்குப் பின் காய்ச்சலோ உடலில் தடிப்போ வந்ததா? வீட்டில் வேறு யாருக்கேனும் வந்ததா? வெளியூர் சென்றீர்களா?" என்ற மூன்று கேள்விகளைக் கேட்டு, விடையைத் தேதியுடன் எழுதுவது எங்கள் கடமை. நாங்கள் கேட்க மறந்தால் நீங்கள் நினைவூட்டுங்கள். அதை நாங்கள் குறையாகக் கொள்ள மாட்டோம்.

அடுத்ததாக, இரு மாநிலச் சுகாதாரத் துறைகளும் தத்தம் தாய் அட்டைகளில் காய்ச்சலுக்கென ஒரு பத்தி ஒதுக்க வேண்டும். ஒரு மாநிலத்தின் பதிவை மற்றொன்று தடையின்றி ஏற்க வேண்டும் என்று நாங்கள் கருதுகிறோம். இது நடக்கக்கூடியதே. தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் ஒரே வேளையில்தான் தொடங்கியது. ஊசி போடுவதில் ஒன்றுபட்ட இரு மாநிலங்கள் ஒரு தேதியைப் பகிர்ந்துகொள்வதில் ஒன்றுபட முடியாதா?

தொழிற்சாலை நிர்வாகங்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. காய்ச்சல் கண்ட கர்ப்பிணி முதல் இரண்டு மூன்று நாள்களுக்குள் சோதனைக்கு வர வேண்டும். உரிய வாரத்தில் ஸ்கேன் எடுக்க வேண்டும். அதற்கு எடுக்கும் அரைநாளுக்குச் சம்பளம் பிடிக்கப்படும் என்ற அச்சத்தால் வராமல் இருப்பவர்கள் உண்டு. அந்த அரைநாளின் மதிப்பு எவ்வளவு பெரியது என்பதை மேலாளர்கள் உணர வேண்டும்.

அச்சத்தால் முடிவெடுக்க வேண்டாம்

பதிவைப் பற்றி இவ்வளவு வலியுறுத்தும்போது, அது அச்சத்தை வளர்த்துவிடக் கூடாது என்ற கவலையும் எங்களுக்கு உண்டு. கர்ப்பத்தில் டெங்கு வந்துவிட்டது, இனி இந்தக் கரு வேண்டாம் என்று உறவினர்கள் வற்புறுத்துவதாகச் சிலர் எங்களிடம் கண்ணீருடன் கூறுவதுண்டு. காய்ச்சல் வந்தது என்பது மட்டுமே கருவைக் கலைப்பதற்கான காரணம் ஆகாது. கொசுக் காய்ச்சலுக்கு ஆளான கர்ப்பிணிகளில் பெரும்பாலோர் நலமான குழந்தைகளைப் பெறுகிறார்கள். இதயக் குறை கண்டறியப்பட்டாலும் சிறு ஓட்டைகள் பல தானே மூடிக்கொள்கின்றன. மூடாதவற்றுள் பெரும்பாலானவற்றை அறுவை மூலமோ, அறுவையின்றிக் குழாய் வழியாகவோ சரிசெய்ய இயலும். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் குழந்தைகளின் இதய அறுவைக்கும் உதவுகிறது. கடுமையான குறை உறுதியானால், சட்டம் அனுமதிக்கும் வழிகளைப் பற்றி மருத்துவர் உங்களிடம் ஒளிவுமறைவின்றிப் பேசுவார். அவ்வழிகளுக்குக் கால வரம்பு உண்டு. ஸ்கேனை உரிய வாரத்தில் எடுக்குமாறு நாங்கள் வலியுறுத்துவதற்கு அதுவும் ஒரு காரணம்.

குழந்தைக்கு இதயக் குறை இருப்பது தெரிந்து எங்களிடம் வரும் தாய்மாருக்குச் சொல்வதற்கு ஒன்று உண்டு. பிறவி இதயக் குறைகளில் பெரும்பாலானவற்றுக்கு இன்னதுதான் காரணம் என்று உறுதியாகக் கூற இயலாது. ஒரு கொசு கடித்ததற்கு எந்தத் தாயும் குற்றவாளி ஆகமாட்டாள். காய்ச்சலின் தேதியை நாங்கள் கேட்பது குழந்தைக்கு அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதை அறிவதற்காக மட்டுமே.

வீட்டில் செய்யத்தக்கவை

இன்றே ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அல்லது அட்டையின் பின்பக்கத்தையே பயன்படுத்துங்கள். காய்ச்சல் தொடங்கிய தேதி, விட்ட தேதி, அளந்த சூட்டின் அளவு, உடலில் தடிப்பு, கண் சிவப்பு, மூட்டுவலி ஆகியவை இருந்தனவா என்ற குறிப்பு, செய்த சோதனை, உட்கொண்ட மருந்தின் பெயர், அப்போது தங்கியிருந்த ஊர் ஆகியவற்றை எழுதுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் கணவரோ, மாமியாரோ, கிராம சுகாதாரச் செவிலியரோ எழுதித் தரலாம்.

கணவர்மார் கவனத்திற்கும் ஒரு செய்தி. ஜிகா தொற்றிய பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் தோன்றுவதில்லை. அது உடலுறவின் வழியாகவும் பரவும். ஆகவே தொற்று இருக்கும் பகுதிக்குச் சென்று வந்த ஆண், மனைவி கர்ப்பமாக இருந்தால் கர்ப்ப காலம் முழுவதும் ஆணுறை பயன்படுத்த வேண்டும். கருத்தரிக்கத் திட்டமிடும் தம்பதியர், ஆண் சென்று வந்த பின் மூன்று மாதங்கள் காத்திருப்பது நல்லது.

ஏடிஸ் கொசு சில நூறு மீட்டர் தொலைவுக்கு மேல் பொதுவாகப் பறப்பதில்லை. அதாவது, உங்களைக் கடிக்கும் கொசு உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோதான் பிறந்திருக்கும். தண்ணீர் வரும் நாளை எதிர்பார்த்து லைன் வீடுகளின் வாசலில் நிரப்பி வைக்கப்படும் டிரம்கள், மூடியற்ற தரைத்தொட்டிகள், லாரிப் பட்டறைகளில் குவிந்த பழைய டயர்கள், கட்டுமான இடங்களில் தேங்கிய நீர் ஆகியவையே அதன் பிறப்பிடங்கள். முட்டையிலிருந்து கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள்கள் ஆகும். எனவே வாரம் ஒருமுறை டிரம்மைக் காலி செய்து, உட்சுவரைத் தேய்த்துக் கழுவி, துணியாலோ மூடியாலோ இறுக மூடினால் அந்தச் சுழற்சி அறுபடும். உட்சுவரில் ஒட்டிய முட்டைகள் நீரின்றியும் மாதக்கணக்கில் உயிர்த்திருக்கும். ஆகவே தேய்த்துக் கழுவுவது கட்டாயம். மருந்து ஊற்ற வரும் கொசு ஒழிப்புப் பணியாளர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பாதீர்கள். இரவுப் பணி முடித்துப் பகலில் உறங்கும் கர்ப்பிணிகள் கட்டாயம் கொசுவலைக்குள் உறங்க வேண்டும். ஏடிஸ் கொசு கடிப்பது பகலில்தான்.

ஆய்வாளர்கள் தம் பணியைத் தொடர்கிறார்கள். கருவின் இதயத்திற்கும் கொசுக் காய்ச்சலுக்கும் உள்ள தொடர்பு நாளை இன்னும் தெளிவாகலாம். அத்தகைய தெளிவு, காய்ச்சல் வந்த நாளை ஒருவர் சொல்லி மற்றொருவர் எழுதி வைப்பதிலிருந்தே பிறக்கிறது. அடுத்த பரிசோதனைக்கு வரும்போது உங்கள் அட்டையில் அந்த ஒரு வரி இருக்கட்டும். இரு மாநில அட்டைகள் இருந்தால் இரண்டையும் எடுத்து வாருங்கள்.